நின்னே பழக்கம்

வேண்டாம் தாயி, நீ உக்காரு. எனக்கு நின்னே பழக்கம்.

நெசமாத்தான் சொல்றேன். டிக்கெட்டு இல்லாமச் சும்மா போற பஸ்சுல ஏறினதே பெருசு, இதுல எடம் வேறயா? நீ எந்திரிச்சதே போதும். இந்தப் பையை மட்டும் உன் மடியில வச்சுக்கிறியா? பாத்துப் பிடி, கனமா இருக்கும். உள்ள இருக்கிறது குத்துவிளக்கு. மேல அன்னப்பட்சி இருக்கு பாரு, அதோட மூக்கு குத்தும், சாய்ச்சு வச்சுக்க. ஆங், அப்படித்தான். என்னோடது இல்ல தாயி அது. இன்னொருத்தி விளக்கு. குடுக்கத்தான் போறேன்.

எங்க எறங்குற நீ? ஹவுசிங் போர்டா? நானும் அங்கதான். கடைசி ஸ்டாப்பு. அப்ப பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காத. நீ கோயிலுக்குப் போவியா? போவேங்கிற. சாமி முன்னால நின்னா கண்ணுல தண்ணி வருமா உனக்கு?

சிரிக்காத. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. இப்பல்லாம் எந்தப் பொம்பளையப் பாத்தாலும் இதைத்தான் கேக்கணும்போல இருக்கு. எப்பவாச்சும் வரும்ங்கிற. பாத்தியா? எல்லாத்துக்கும் வருது. பேங்க்ல வேலை பாக்குறவளுக்கு வருது, பூக்கட்டுறவளுக்கு வருது. எனக்குத்தான் வரல. நான் என்ன கோயிலை எட்டிப் பாக்காதவளா? கேளு நீயே.

எங்க தெருவுல பச்சநாச்சியம்மன் கோயில். சின்னக் கோயில்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுலருந்து அந்தக் கோயில் வாசலைக் கூட்டுறது நான். கோலம் நான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கு பூஜை நடக்கும். பொம்பளைக அவுகவுக வீட்டு விளக்கைக் கொண்டாந்து வரிசையா வச்சு, முன்னால உக்காந்து, ருக்குமணி டீச்சரம்மா மைக்குல போற்றி வாசிக்க வாசிக்க, குங்குமத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாக. பாக்க அம்புட்டு அழகா இருக்கும். நான் பாத்ததில்ல. அது வேற விஷயம்.

ஏன் பாத்ததில்லன்னா, விளக்கு அம்பது அறுவது எரியுதே, யாரு எண்ணெய் ஊத்துறது? யாரு திரி தூண்டுறது? ஃபேனைப் போட்டா சுடர் ஆடும், நிறுத்தினா வேர்க்குதுங்கும். நடுவுல ஒரு பிள்ள ஒண்ணுக்குங்கும். மடைப்பள்ளியில சுண்டல் அடிப்பிடிக்கும். எல்லாம் நாந்தான். கையில எண்ணெய்த் தூக்கோட வரிசைக்கு வரிசை குனிஞ்சு குனிஞ்சு போவேன். பூஜை முடியிற வரைக்கும் நிக்கிறதும் நடக்கிறதும்தான். எனக்கும் ஒரு விளக்கு இருக்கு. எங்க அம்மா சீராக் குடுத்தது. கடைசி வரிசை ஓரத்துல, தூண் பக்கத்துல ஏத்தி வச்சிட்டு நான் போயிருவேன். பக்கத்துல உக்காந்திருக்கிறவ அதுக்கும் ரெண்டு கிள்ளு குங்குமம் போட்டுருவா. அது ஒரு வழக்கமாப் போச்சு. சீனியம்மா விளக்குக்கு யாராச்சும் போட்டுவிடுங்கன்னு டீச்சரம்மாவே மைக்குல சொல்லும்.

எனக்கு ஒரு குறையும் இல்லாமத்தான் இருந்துச்சு தாயி. அந்தப் பிரசங்கக்காரரு வர்ற வரைக்கும்.

போன பங்குனிப் பொங்கலுக்கு வெளியூர்லருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தாக. நல்ல கணீர்க் குரலு. அவருக்குத் தொண்டை கட்டக் கூடாதுன்னு பனங்கற்கண்டு போட்ட பாலை ஃபிளாஸ்க்குல வச்சுக்கிட்டு மேடை ஓரமா நான் நிக்கிறேன். அவரு பேசுறாரு. வாயால சொல்றது பூஜையில்லம்மா, கண்ணால சொல்றதுதான் பூஜை. அம்மன் முன்னால உருகி ஒரு சொட்டுக் கண்ணீர் விடலேன்னா, நீ இன்னும் கோயிலுக்குள்ளயே வரல, வாசல்லதான் நிக்கிறன்னாரு.

எப்படி இருக்கும் எனக்கு? அந்த வாசலைக் கூட்டுறவளே நாந்தான். என்னைப் பாத்து வாசல்ல நிக்கிறன்னா? பாலை ஊத்திக் குடுத்தேன். குடிச்சாரு. இனிப்பு பத்தலையோன்னு கேட்டேன், போதும்மான்னாரு. அம்புட்டுத்தான். ஆனா அந்தச் சொல்லு நெஞ்சுக்குள்ள முள்ளாட்டம் ஏறி உக்காந்துக்கிருச்சு.

அன்னைக்குலருந்து முயற்சி பண்றேன். காலையில கோலம் போட்டுட்டு அவ முன்னால நிப்பேன். ஆத்தா, ஒரு சொட்டும்பேன். ம்ஹூம். கண்ணு வறண்டு கிடக்கும். பாத்துக்கிட்டே நிக்கையில, அவ மூக்குத்தியில எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கே, பூசாரிகிட்டச் சொல்லணும்னு தோணும். பாவாடையில கறை பட்டிருக்கேன்னு தோணும். உடனே அந்த வேலையப் பாக்கப் போயிருவேன். பாக்காம எப்படி இருக்க?

நான் அழத் தெரியாதவன்னு நினைச்சுக்காத. சின்னப் பிள்ளையில ஒப்பாரிக்கே என்னைக் கூப்பிடுவாக, அப்படி அழுவேன். அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல. எங்க வீட்டுக்காரவுக போனது முந்துன தையில. காலையில பால் வாங்கப் போனவுக, கடை வாசல்லயே சாஞ்சுட்டாக. வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. ஐஸ்பெட்டிக்காரன் வந்து கரெண்ட் எங்கங்கிறான். பந்தல்காரன் குழி எங்க தோண்டங்கிறான். திருப்பூர்லருந்து மகனுங்க ரெண்டு பேரும் வந்து விழுந்து அழுகுறானுக, மருமகளுக அழுகுறாளுக. வந்த சனத்துக்குக் காப்பித்தண்ணி யாரு குடுக்கிறது? நாற்காலி யாரு போடுறது? எல்லாம் நாந்தான் பாத்தேன். தெருவுல பேசினாகளாம், சீனியம்மா கல்லு மாதிரி நிக்கிறான்னு. நிக்காம? நானும் உக்காந்துட்டா யாரு பாப்பா?

அதை விடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் சாமி விஷயத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இந்த மனக்குறையோட இருக்கையிலதான் தாயி அவ வந்தா. சித்திரையில. பேரு ஜெயக்கொடி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணுக்குக் கீழ கருவளையத்தோட, கையில இந்தா உன் மடியில இருக்கே, இந்த விளக்கோட வந்து நின்னா. நானும் உக்காரலாமாக்கான்னா. எந்தத் தெருன்னு கேட்டா, ஹவுசிங் போர்டுங்கிறா. ஏம்மா, அங்க கோயில் இல்லையா, இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வர்றன்னேன். அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்க்கான்னா. அது என்ன பதிலுன்னு எனக்கு அப்பப் புரியல. புதுசா வந்தவளுக்கு முன்வரிசை குடுக்க முடியுமா? கடைசியில தூண் பக்கம், என் விளக்குக்குப் பக்கத்துல எடம் போட்டேன்.

டீச்சரம்மா மைக்கைத் தட்டி முதல் போற்றி சொல்லுது. நான் எண்ணெய்த் தூக்கோட கெளம்புறேன். திரும்பிப் பாத்தா அவ கண்ணுலருந்து தாரை தாரையா ஊத்துது. சத்தமில்ல, விம்மலில்ல, மூக்குறிஞ்சல்கூட இல்ல. முதுகு நேரா இருக்கு, கை குங்குமத்தைக் கிள்ளிப் போடுது, கண்ணு பாட்டுக்கு ஊத்துது. பூஜை முடிஞ்சதும் முந்தானையில தொடைச்சுட்டு சுண்டலை வாங்கித் தின்னா. பசியோட தின்னா. அதையும் பாத்தேன்.

வந்த அன்னைக்கே. முத நாளே. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தாயி, மறைக்கல.

அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதுக்கு அடுத்ததும். பொம்பளைக கண்ணு சும்மா இருக்குமா? அம்மன் அவ மேல எறங்குறான்னாளுக. டீச்சரம்மா ஒரு நாள் மைக்குலயே, பக்தின்னா ஜெயக்கொடியப் பாத்துக் கத்துக்கணும்னுது. பெறகு பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு அவகிட்டப் போறாளுக, உன் கையால குங்குமம் வச்சு விடுன்னு. அவ பயந்துபோயி, ஐயோ நான் யாருங்க, வேண்டாங்கன்னு பின்னால பின்னால போவா. அதையும் அடக்கம்னுட்டாளுக. தூண் பக்கத்து எடத்துக்கு ஒரே போட்டி. அந்தத் தூணுலதான் என்னமோ இருக்குன்னு சொல்லி, நாலு மணிக்கே வந்து துண்டு போடுறாளுக. பஸ்சுல போடுற மாதிரி. என் விளக்கை நான் வழக்கமா வைக்கிற எடம் அது. என் விளக்கையே நகட்டி வைக்கிறாளுக!

ஆனா ஒண்ணு சொல்லணும். அவ வேலைக்கு அஞ்சுறவ இல்ல. பூஜை முடிஞ்சா எல்லாவளும் விளக்கைத் தூக்கிட்டுப் போயிருவாளுக. இவ ஒருத்திதான் இருந்து எங்கூட குழாயடியில பாத்திரம் தேய்ப்பா. ஒரு நாள், ஆனி மாசம், நான் எண்ணெய் ஊத்திக்கிட்டே வர்றேன், முழங்கால்ல ஒரு பிடிப்பு. தூணைப் பிடிச்சு நின்னேன். இவ சட்டுன்னு எந்திரிச்சு வந்து எண்ணெய்த் தூக்கைப் பிடிக்கிறா. குடுங்கக்கா, நான் ஊத்துறேன், நீங்க ஒங்க விளக்கு முன்னால செத்த உக்காருங்கங்கிறா. எனக்கு வந்துச்சே கோவம். இத்தனை வருசமா என் கையில இருக்கிற தூக்கு. அழுகையத்தான் எடுத்துக்கிட்ட, இதையும் எடுத்துக்கப் போறியா? போடி, போயி ஒன் வேலையப் பாரு, ஒனக்குத் திரி தூண்டத் தெரியுமான்னு கேட்டுட்டேன். போயி உக்காந்துட்டா. உக்காந்ததும் கண்ணு ஊத்த ஆரம்பிச்சிருச்சு.

அடுத்து ஆடி பெறந்துச்சு. கூட்டமான கூட்டம். ஒரு செவ்வாய், குழாயடியில அவளும் நானும் மட்டும் இருக்கோம். அண்டாவைத் தேச்சுக்கிட்டே கேட்டேன். ஏ ஜெயக்கொடி, நீ சாமிகிட்ட என்னத்தக் கேட்டு இப்படி அழுகுற? எனக்கும் அந்த வழியச் சொல்லேன், நானும் நாலு மாசமா மண்டையப் போட்டு முட்டிக்கிறேன், ஒரு சொட்டு வர மாட்டேங்குதேன்னு வெக்கத்தை விட்டுக் கேட்டேன். எங்க வீட்டாள் போனப்பகூட நான் யாருகிட்டயும் இப்படி எறங்கி ஒரு வார்த்தை பேசினதில்ல.

அவ என்ன சொன்னா தெரியுமா?

அக்கா, சத்தியமா அது பக்தியான்னு எனக்குத் தெரியாதுக்கான்னா. நான் சாமிகிட்ட ஒண்ணும் கேக்கல. சாமியப் பாத்தேனான்னுகூடத் தெரியலங்கிறா. ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுற வேலையாம் அவளுக்கு. காலையில ஒம்பதரைக்குப் போனா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கணுமாம். ஸ்டூல் போட்டிருக்காம், ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் கண்ணு இவ மேலயே இருக்குமாம். வீட்டுக்குப் போனா மாமியா படுத்த படுக்கை. தூக்கணும், தொடைக்கணும், பெரட்டிப் போடணும். ரெண்டு பிள்ளைக, புருசனுக்கு ஷிப்டு வேலை. செவ்வாய்தான் லீவு. அன்னைக்குத்தான் வாரத் துணி அம்புட்டையும் துவைக்கணும். கோயிலுக்குன்னு சொன்னா வீட்ல விட்ருவாகக்கா, வேற எங்கன்னாலும் விட மாட்டாக. இங்க வந்து உக்காந்தா எல்லாரும் அவுகவுக விளக்கையே பாத்துக்கிட்டு இருக்காக. என் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாகங்கிற தைரியத்துல வந்துருதுக்கா. உக்காந்தாலே வந்துருதுன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு. சாமியையே பாக்கலையாமே! இவ கையால குங்குமம் வாங்கப் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு நிக்குதுக சனம். இவ உக்காந்த எடத்துக்குத் துண்டு போடுதுக. நான் உருகி உருகி நிக்கிறேன், எனக்கு இல்ல. கால்வலிக்கு அழுதவளுக்குப் பேரு பக்தையா?

டீச்சரம்மா காதுல போட்டேன். போட வேண்டாமா? நான் ஒண்ணும் சேத்துச் சொல்லல. அவ சொன்னதை அப்படியே சொன்னேன். நம்ம சனம் ஏமாறக் கூடாதேன்னு சொன்னேன். டீச்சரம்மா, சரி சீனியம்மா, நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்னுச்சு.

பக்குவமா! அடுத்த செவ்வாய் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது. சில பேரு வீட்டுக் கஷ்டத்தை எறக்கி வைக்கிறதுக்குக் கோயிலுக்கு வர்றாக, அம்மன் சந்நிதி அழுது தீக்கிற எடமில்ல, இங்க வந்தா மனசு அம்மன் மேலதான் இருக்கணும், ஊருக்காகக் கண்ணீர் விடக் கூடாதுன்னுது. பேரைச் சொல்லல. சொல்லணுமா? மொத்த வரிசையும் திரும்பிப் பாத்துச்சு. விளக்கைப் பாத்துக்கிட்டு இருந்த அம்புட்டுப் பேரும் அவ மூஞ்சியப் பாத்தாளுக.

குங்குமத்தைக் கிள்ளுன கை அப்படியே நின்னுச்சு. அவ டீச்சரம்மாவைப் பாக்கல தாயி. என்னையப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாலும் பரவாயில்ல. சும்மா பாத்தா. அப்புறம் குனிஞ்சு பூஜையை முடிச்சா. அன்னைக்கு ஒரு சொட்டு வரல. முடிஞ்சதும் வழக்கம்போலக் குழாயடிக்கு வந்து எங்கூட அண்டாவைத் தேச்சா. கழுவிக் கவுத்துனா. வர்றேங்க்கான்னுட்டுப் போனா. போனவ இந்த விளக்கை எடுத்துக்கிட்டுப் போகல. நாந்தான் எடுத்துக் கோயில் பீரோவுல வச்சேன். அப்புறம் வரவே இல்ல.

நான் என்ன பொய்யா சொன்னேன்? அவ சொன்னதைத்தானே சொன்னேன்?

சரி, அவதான் வரல, தூண் பக்கம் எடம் காலியாத்தான் கிடக்கு. அந்தத் துண்டு போடுற கூட்டமும் ஓஞ்சுபோச்சு. ஒரு செவ்வாய் நான் போயி உக்காந்து பாத்தேன் தாயி. சிரிக்காத. தூணுலதான் என்னமோ இருக்குன்னு எனக்குள்ளயும் ஒரு நப்பாசை. மூட்டு கடகடங்குது, சம்மணம் போட முடியல, காலை நீட்டிக்கிட்டு உக்காந்தேன். கண்ணை மூடுறேன். மூணாவது வரிசையில ஒரு விளக்கு புகையிற வாடை வருது. பொறுத்துப் பாத்தேன். யாருமே எந்திரிக்கல. நாந்தான் எந்திரிச்சேன். அம்புட்டுத்தான் நான் உக்காந்தது.

கடைசி ஆடிச் செவ்வாய் வந்துச்சு. விளக்கு நூறைத் தாண்டியிருக்கும். வெளியில பந்தல்ல வேற ரெண்டு வரிசை. காலையிலருந்து பச்சைத்தண்ணி பல்லுல படல எனக்கு. தூக்கை எடுத்துக்கிட்டுச் சுத்தி வர்றேன், முழங்கால் மடங்கிருச்சு. விழல. உக்காந்திருந்த ஒரு பொண்ணு தோளைப் பிடிச்சுக்கிட்டேன். எண்ணெய் கொஞ்சம் தளும்பி அவ சேலையில பட்டுருச்சு. பாத்து ஊத்தக் கூடாதாக்கா, பட்டுச்சேலைங்கிறா. இன்னொருத்தி, அக்கா, இங்க எண்ணெய் கொறையுதுங்கிறா. வேற ஒருத்தி, சுண்டல் எறக்கியாச்சாங்கிறா.

அன்னைக்குத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு தாயி. இத்தனை வருசத்துல ஒருத்தி, ஒரே ஒருத்திகூட, செத்த உக்காருக்கான்னு சொன்னதில்ல. நானும் எதிர்பாக்கல, அதையும் சொல்றேன். சொன்னவ ஒருத்திதான். அவளைத்தான் போடின்னேன்.

அதோட போச்சா? எல்லா விளக்குக்கும் ஊத்தி முடிச்சுட்டு கடைசி வரிசைக்கு வர்றேன். தூண் பக்கத்துல என் விளக்கு மலையேறிக் கிடக்கு. திரி கருகி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம. ஊருக்கெல்லாம் ஊத்துனவ, என்னுதுக்கு ஊத்த மறந்திருக்கேன். பக்கத்துல உக்காந்திருந்தவ அந்த மலையேறின விளக்குக்குக் குங்குமம் போட்டுக்கிட்டே இருக்கா, எரியுதா இல்லையான்னுகூடப் பாக்காம. ஏம்மா, கண்ணு தெரியலையான்னேன். எனக்கு என் விளக்கைப் பாக்கவே நேரம் சரியா இருக்குக்கான்னா. அவ சொன்னதுல தப்பில்ல.

சித்திரையிலருந்து ஆடி வரைக்கும் என் விளக்கு ஒரு தடவைகூட மலையேறல. நானா ஊத்துனேன்? யோசிச்சுப் பாத்தா ஞாபகமே இல்ல. நின்னு நின்னு யோசிச்சேன். பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தாளே, அவதான் தன் விளக்குலருந்து எடுத்து எடுத்து ஊத்தியிருக்கணும். திரியும் அவதான் தூண்டியிருக்கா. அவளைத்தான் நான் ஒனக்குத் திரி தூண்டத் தெரியுமான்னு கேட்டேன்.

நேத்துப் பீரோவைத் திறந்து விளக்கை எடுத்தேன். பச்சை பூத்துப் போயிருந்துச்சு. புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன். இப்ப மூஞ்சி தெரியும் அதுல. அடியில பாரு, பேரு வெட்டியிருக்கு. அவ அம்மா பேரா இருக்கும். தாய் வீட்டுச் சீரை இப்படி விட்டுட்டு யாரும் போக மாட்டாக. விட்டுட்டுப் போயிருக்கான்னா எம்புட்டு நொந்திருப்பா.

நான் ஒண்ணும் மன்னிப்புக் கேக்கப் போகல, அதைச் சொல்லிடுறேன். நான் சொன்னது பொய்யில்லையே. விளக்கைக் குடுக்கப் போறேன், அம்புட்டுத்தான். இன்னைக்குச் செவ்வாய், அவளுக்கு லீவு, வீட்ல இருப்பா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால வீடுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கா. கோயில்ல இன்னைக்கு எண்ணெய் யாரு ஊத்துவான்னு கேக்குறியா? ஊத்தட்டும் யாராச்சும். தூக்கை டீச்சரம்மா மேசையில வச்சிட்டு வந்துட்டேன். அது மூஞ்சியப் பாக்கணுமே அப்ப!

குடுக்கையில ஒரு வார்த்தை கேக்கலாமான்னு இருக்கு. ஒரு செவ்வாய் நீ உக்காரு, நான் ஊத்துறேன். ஒரு செவ்வாய் நான் உக்காருறேன், நீ ஊத்து. இப்படிக் கேக்கலாமான்னு. வாயில வருமா, என்னன்னு தெரியல. விளக்கை வாங்கிட்டுக் கதவைச் சாத்திட்டான்னா? சாத்தட்டும். சாத்த வேண்டியவதான்.

என்ன, கேட்டைப் போட்டுட்டானா? போச்சு, கூட்ஸ் வண்டியா இருந்தா கால் மணி நேரம். உன் பக்கத்துல இருந்த ஆளு எறங்கிட்டாராக்கும். இல்ல தாயி, இருக்கட்டும். நான் நின்னே... அட, கையைப் பிடிச்சு இழுக்குற நீ. சரி. சரி, கொஞ்சம் நகந்துக்க. மெதுவா. இந்தக் கால் மடங்காது சீக்கிரம். ஆத்தாடி. அம்மா.

விளக்கை எங்கிட்டக் குடு. என் மடியில இருக்கட்டும்.

எம்புட்டு நேரமா நின்னுக்கிட்டு வந்திருக்கேன் பாரு. உக்காந்ததும்தான் கால் இருக்கிறதே தெரியுது. இப்படித்தான் அவுக சொல்வாக. ஒரு நாளாச்சும் எம் பக்கத்துல வந்து உக்காருடி, வேலை ஓடியா போயிரப் போகுதும்பாக. காப்பித் தம்ளரை வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பாக. இந்தா வர்றேன், இந்தா வர்றேன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். அன்னைக்குப் பால் வாங்கக் கெளம்பையிலகூட, வந்து உனக்கும் சேத்துக் காப்பி போடுறேன், உக்காந்து குடிப்போம்னு சொல்லிட்டுத்தான்...

இது என்ன தாயி இது?

என்ன எழவு இது, இங்க வந்து. சாமியா இருக்கு இங்க? கண்டக்டருதான் நிக்கிறாரு. ஆத்தா முன்னால நின்னு நின்னு கேட்டேனே, அப்ப வரலையே. இந்த ரயில்வே கேட்டுல வந்தா நான் என்ன செய்ய? நிக்க மாட்டேங்குதே.

நீ ஒண்ணும் கேக்காத. தண்ணியெல்லாம் வேண்டாம். கையை விடு, எனக்கு ஒண்ணுமில்ல. என் மூஞ்சியப் பாக்காத தாயி. ஜன்னல் பக்கம் திரும்பிக்க, ரயிலைப் பாரு.

ஹவுசிங் போர்டு வந்தா மட்டும் சொல்லு.